கோயில் கொடை (திருவிழா) கபடியில் தம்பிக்குக் கால் முறிவு: யார் மேல கேஸ் போடலாம்?

எதிரணிப் பையன் கணுக்காலைப் பிடிச்சப்போ தம்பிக்குக் கால் முறிஞ்சது, யார் மேல கேஸ் போடலாம்னு கேட்டிருக்கீங்க. பிடிச்ச பையன் மேல கேஸ் நிக்கிறது கஷ்டம். ஆட்டத்தை நடத்தின கொடைக் கமிட்டி மேல நஷ்டஈடு கேட்கலாம், தரையில குறை இருந்ததைக் காட்டணும்.

கணுக்கால் பிடி விதிக்கு உட்பட்டதுதான். கொடுங்காயம் பண்ணும் எண்ணமில்லாத ஆட்டத்துல, 18 தாண்டினவர் சம்மதிச்சு இறங்கினா பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் சட்டம்) 25-வது பிரிவு எதிராளியைக் காப்பாத்தும். விசிலுக்குப் பிறகு மிதிச்சிருந்தா கதை வேற.

நீங்க சொல்றபடி சிமெண்டு தரையில மேட் விரிச்சு, இரண்டு துண்டுக்கு நடுவுல தம்பியோட கால் விரல் சிக்கியிருக்கு. அங்கதான் கமிட்டியோட கவனக்குறைவு.

1. நெல்லை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரில போட்ட ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) நகலை வாங்குங்க. பயத்துல "வழுக்கி விழுந்தான்"னு சொல்லியிருந்தா, அது பின்னால கழுத்தறுக்கும்.
2. மேட் இடைவெளி தெரியிற வீடியோவை இப்பவே வாங்கி வைங்க. கொடை முடிஞ்சா எல்லாரும் அழிச்சிருவாங்க.

"நாங்கள் பொறுப்பல்ல"ன்னு கமிட்டி வாங்கின கையெழுத்து கவனக்குறைவை முழுசா கழுவாது. தம்பிக்கு 18 ஆகலைன்னா அந்தக் கையெழுத்தே செல்லாது.

ஒண்ணு கவனிங்க: பதிவு செய்யாத கமிட்டின்னா அதோட பேர்ல வழக்குப் போட முடியாது, தலைவர், செயலாளர், பொருளாளரைப் பேர் சொல்லிச் சேர்க்கணும். கெடு 3 வருஷம். வருமானம் குறைவுன்னா மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல இலவச வக்கீலுக்கு மனு கொடுங்க.