மலைக்கு முதுகு காட்டிக்கொண்டு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

நான் பொதிகை மலையடிவாரத்து விக்கிரமசிங்கபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். பதினொரு வருடமாகப் புனேயில் வேலை. சென்ற ஆகஸ்டில் அலுவலக நண்பர்களோடு உத்தராகண்டின் பூப்பள்ளத்தாக்குக்குப் போயிருந்தேன். கண் போன இடமெல்லாம் பூ. கூட வந்த வழிகாட்டிப் பையன் ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னான். போன வாரம் பூத்தது எது, அடுத்த வாரம் பூக்கப்போவது எது என்றுகூடச் சொன்னான். பேச்சுவாக்கில், "உங்கள் ஊரில் மலை உண்டா?" என்று கேட்டான். வீட்டு வாசலில் நின்றாலே தெரியும் என்றேன் பெருமையாக. "அங்கே என்ன பூக்கும்?" என்றான். எனக்கு வாய் அடைத்துவிட்டது. கடைசியில் மல்லிகை என்று சொல்லி வைத்தேன். அது பஸ் நிலையத்தில் முழம் போட்டு விற்பது என்று எனக்கே தெரியும்.

நம் மலைக்குப் பருவங்கள் உண்டா அண்ணாச்சி? வெயில், சாரல், அடைமழை, இவற்றை விட்டால் வேறென்ன இருக்கிறது? எந்த மாதம் லீவு போட்டு வந்தால் பூக்களைப் பார்க்கலாம்?

ம.

அன்புள்ள தங்கைக்கு,

மல்லிகையைப் படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அந்தப் பையன் என்னிடம் கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தோன்றியது. முப்பது வயதுவரை நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். கல்லிடைக்குறிச்சியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏறினால் மேற்கே மலை முழுதாக நிற்கும். நாங்கள் அதை அண்ணாந்து பார்த்ததெல்லாம் மழை வருமா, காயப்போட்ட வற்றலை அள்ள வேண்டுமா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும்தான்.

இத்தனைக்கும் பள்ளியில் குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் மூச்சு விடாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன் நான். பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். அந்த வரிசையில் முதல் பூ செங்காந்தள். அதே பூ புரட்டாசி மழையில் எங்கள் தெருக்கோடி வேலியில் பற்றி ஏறிப் பூத்திருக்கும். நாங்கள் அதைக் கண்வலிப்பூ என்போம். பார்த்தால் கண் வலிக்கும் என்று ஆச்சி மிரட்டியிருந்ததால் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடுவோம். காந்தளும் கண்வலிப்பூவும் ஒன்று என்று தெரியவந்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு பிள்ளையும் இருந்தது. (கிழங்கு நிஜமாகவே விஷம். ஆச்சியின் மிரட்டலில் பாதி நியாயம்தான்.) இப்போது ஒவ்வொரு வருடமும் அந்த வேலிக்குப் போய் நிற்கிறேன். பச்சையாக விரியும் இதழ், அடியில் மஞ்சளும் நுனியில் சிவப்புமாக மாறி, வாடுவதற்குள் முழுச் சிவப்பாகிவிடும். ஒரே கொடியில் மூன்று நிறமும் ஒரே நேரத்தில் இருக்கும். இலையின் நுனியே சுருண்டு கம்பியைப் பிடித்துக்கொள்ளும். தமிழ்நாட்டின் மாநில மலர் என்று பெயர், ஆனால் எந்தப் பூக்கடையிலும் கிடைக்காது.

ஆடி, ஆவணியில் தென்காசிக்குப் பக்கத்தில் சுந்தரபாண்டியபுரம் பக்கம் சூரியகாந்தி பூத்திருக்கும்போது போயிருக்கிறீர்களா? கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து படம் எடுக்கிறார்கள். எல்லாப் படத்திலும் பின்னால் நீலமாக மலை, முன்னால் நம்மைப் பார்த்தபடி பூக்கள். நம்மைப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இளஞ்செடிதான் சூரியனோடு கூடவே திரும்பும். முற்றிய பூ கிழக்கு பார்த்து நின்றுவிடும். மலை இருப்பது மேற்கே. ஆகவே அவ்வளவு பூவும் மலைக்கு முதுகு காட்டிக்கொண்டுதான் நிற்கின்றன. நம் ஊர்க்காரர்கள் வளர்த்த செடி அல்லவா.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அப்படி ஒரு மாதம் கிடையாது.

நீங்கள் பார்த்த பள்ளத்தாக்கு ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வருடத்தில் பெரும்பகுதி பனிக்கு அடியில் கிடக்கும். பனி உருகுவதற்கும் மறுபடி விழுவதற்கும் நடுவே கிடைக்கும் சில மாதங்களுக்குள் ஒரு செடி முளைத்து, பூத்து, வண்டை அழைத்து, விதை தள்ளியாக வேண்டும். அதனால்தான் அத்தனையும் முண்டியடித்துக்கொண்டு பூக்கின்றன, கடைசி பஸ்ஸில் ஏறும் கூட்டம் மாதிரி. அழகுதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அழகு நெருக்கடியில் பிறந்தது.

பொதிகைக்கு அந்த நெருக்கடி இல்லை. அதன் உச்சியான அகத்தியர் மலையே 1,868 மீட்டர்தான், பனி பெய்து மூடுவதில்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே இந்த மலையை நனைக்கின்றன. தாமிரபரணி வற்றாமல் ஓடுவதும் இதனால்தான். எந்த மாதத்திலும் ஏதோ ஒரு மரம் பூத்துக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து பூக்கும் நாள் என்று ஒன்று வராது. நீங்கள் ஒரு வாரம் லீவு போட்டு வந்தால் ஒரு பூவோ இரண்டு பூவோ கிடைக்கும். ஏமாந்து போவீர்கள். நானும் ஏமாந்திருக்கிறேன், சொல்கிறேன்.

அதற்கு முன் பருவத்தைப் பற்றி. நம் மலைக்குப் பருவங்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் அப்பா காலையில் பேப்பரைப் பிரித்ததும் எதைப் பார்ப்பார்? அணைகளின் நீர்மட்டத்தை. முழு உயரம் பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. இன்றைக்கு எத்தனை அடி நிற்கிறது, நேற்றைவிடக் கூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்ற செய்தி. நம் ஆட்களுக்குப் பருவம் அடிக்கணக்கில் வருகிறது. கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடியும் அந்தக் கணக்கில்தான் நடக்கின்றன. சீசன் என்ற ஆங்கிலச் சொல்லுக்கு உலகமெங்கும் பருவம் என்று பொருள்; தென்காசியில் அதற்குக் குற்றாலத்தில் தண்ணீர் விழுகிறது என்று பொருள். நாம் தண்ணீரை மட்டும் பார்த்துப் பழகிவிட்டோம். அந்தத் தண்ணீரைக் குடித்து நிற்கும் மரத்தை யாரும் பார்ப்பதில்லை. செண்பகாதேவி அருவி என்று வாய் நிறையச் சொல்கிறோமே, செண்பகப்பூவை மரத்தில் பார்த்தவர்கள் எத்தனை பேர்?

பழைய பாடல்களில் இது நேர் எதிராக இருக்கிறது. அங்கே பூதான் காலண்டர். வேங்கை பூத்தால் தினை விளைந்துவிட்டது என்று பொருள். தினை அறுத்தால் புனத்தில் கிளி ஓட்டும் வேலை முடிந்துவிடும், தலைவி வீட்டுக்குப் போய்விடுவாள், பிறகு தலைவனைச் சந்திக்க முடியாது. அதனால் நாள் குறித்துச் சொல்லும் கணியன் என்று அந்த மரத்துக்கே பெயர் வைத்து, ஏன் பூத்தாய் என்று கோபித்துக்கொள்கிறார்கள். பூத்ததற்காக ஒரு மரத்தைத் திட்டும் அளவுக்கு அதோடு பழக்கம் இருந்திருக்கிறது.

இப்போது என் ஏமாற்றம். இருபது வருடத்துக்கு முன்பு ஒரு மாசி மாதம் பூப் பார்ப்பதற்கென்றே மலைமேல் தேயிலைத் தோட்டம் இருக்கும் மாஞ்சோலைக்குப் பஸ் ஏறினேன். மணிமுத்தாறு தாண்டும் வரை கொண்டாட்டம்தான். அடிவாரத்தில் இலவ மரங்கள் ஒரு இலைகூட இல்லாமல் சிவப்பாகப் பூத்து நின்றன; ஒவ்வொன்றிலும் மைனா, காக்கை, கிளி என்று சந்தைக்கூச்சல். இலவு காத்த கிளி என்று பழமொழி சொல்கிறோம். காய் வெடித்துப் பஞ்சானதும் கிளி ஏமாந்ததாம். சொன்னவர் காயைத்தான் பார்த்திருக்கிறார், பூவைப் பார்க்கவில்லை. அந்தக் கிளி மாசியிலேயே வயிறு முட்டத் தேன் குடித்தாயிற்று.

மேலே ஏறினால் ஒன்றும் இல்லை. பச்சை, அதற்கு மேல் கரும்பச்சை. ஓரிடத்தில் ஓடைக்கரையில் மரங்கள் செக்கச்செவேலென்று தெரிந்தன. துள்ளி இறங்கிப் போனால் பூவல்ல, நாங்கு மரத்தின் தளிர். திரும்பி நடக்கும்போது பாதையெல்லாம் பழுப்பு மஞ்சளாக ஏதோ உதிர்ந்து கிடந்தது. யாரோ பழம் தின்று போட்ட தோல் என்று நினைத்து மிதித்துக்கொண்டே நடந்தேன். காலில் அட்டை வேறு.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா எதிரே வந்தார். எதற்கு வந்தேன் என்று கேட்டார். பூப் பார்க்க என்றேன். என் காலையும் தரையையும் பார்த்துவிட்டு, பூவை மிதித்துக்கொண்டு நின்றே பூவைத் தேடுகிறீர்களே என்றார். அது வெடிப்பலா. இதழே இல்லாத பூ; கிளையை ஒட்டிக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அண்ணாந்து பார்க்கச் சொன்னார். ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு கிளை அசைந்தது. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. சோலைமந்தி. பூவைப் பிய்த்து, சதைப்பற்றான பகுதியைத் தின்றுவிட்டு, மிச்சத்தை என் தலைமேல் போட்டது. முகமெல்லாம் மகரந்தம். அதே முகத்தோடு அடுத்த மரத்துக்குத் தாவியது. வண்டு செய்யும் வேலையை அங்கே குரங்கும் அணிலும் வௌவாலும்கூடச் செய்கின்றன என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 1976-இல் களக்காட்டைச் சரணாலயமாக்கியதே இந்தக் குரங்குக்காகத்தான். முண்டந்துறையோடு சேர்த்து அது புலிகள் காப்பகமானது 1988-இல்.

அன்று ஏமாந்துதான் மலையிறங்கினேன், பொய் சொல்ல மாட்டேன். வண்ணமாக ஒரு பூக்கூட இல்லை என்று மனைவியிடம் புலம்பினேன். அந்தக் குரங்கின் மஞ்சள் பூசிய முகம் நினைவில் மேலெழுந்து வரப் பல நாள் ஆனது. வந்த பிறகு போகவே இல்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: லீவு எல்லாம் போட வேண்டாம். விக்கிரமசிங்கபுரத்தில் உங்கள் அம்மா இருக்கிறார் அல்லவா. ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, வாசலிலிருந்து தெரியும் ஏதாவது ஒரு மரத்தைப் பற்றிக் கேளுங்கள். புங்கு என்றால் பங்குனியில் தரையில் பொரி சிந்தினாற்போல் கிடக்கும். சரக்கொன்றை என்றால் சித்திரை விசுவுக்குப் பாபநாசம் கோயிலில் கூட்டம் கூடும்போது அதுவும் பூத்திருக்கும். மார்கழியில் வாசலில் சாணிப் பிள்ளையார் மேல் வைக்கும் பூசணிப்பூவையும் சேர்த்துக்கொள்ளலாம், அது கொடியில் பூப்பது என்றாலும். முதல் மாதம் அம்மா உங்களை ஒரு மாதிரியாக நினைப்பார். மூன்றாவது மாதம் நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார். குறிஞ்சிதான் வேண்டும் என்றால் மூணாறுக்குப் போங்கள். நீலக்குறிஞ்சி 2018-இல் பூத்தது, இனி 2030.

அந்த அக்கா இப்போது மலையில் இல்லை. 2024-இல் தோட்ட வேலை நின்றுபோனது. பிள்ளைகளோடு கீழே வந்து, எங்கள் ஊரிலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி வாடகை வீட்டில் இருக்கிறார். போன மாசியில் பார்க்கப் போயிருந்தேன். காப்பி கொடுத்துவிட்டு, வெடிப்பலா பூத்திருக்குமா என்று என்னிடம் கேட்டார். வீட்டுக்குள்ளிருந்து மலை தெரியாது. இருவரும் தெருவுக்கு வந்து கொஞ்ச நேரம் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். பூத்திருக்கும் என்று அவரே சொல்லிக்கொண்டார்.