டெல்லியில் எத்தனை நாள்? பணம் போடுகிறவர் சொல்லட்டும்

கேள்வி: எனக்கு வயது 43. திருச்சியில் ஒரு தனியார் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருக்கிறேன். பிடித்தம் போக கைக்கு வருவது 58,000 ரூபாய். அதில் வீட்டுக் கடன் தவணை 19,000. காலாண்டு விடுமுறையில் டெல்லி போகத் திட்டமிட்டிருக்கிறோம். நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார், மைத்துனர் குடும்பத்தில் மூன்று பேர், ஆக எட்டுப் பேர். நான்கு நாள் போதும் என்பது என் எண்ணம். மைத்துனரோ, "அவ்வளவு தூரம் போயிட்டு நாலே நாள்ல திரும்பினா டிக்கெட் காசு தண்டம் மாமா, எட்டு நாளாவது இருக்கணும்" என்கிறார். மனைவிக்கும் அதே ஆசை. ரயிலுக்குப் போக வர ஆளுக்கு 5,000, டெல்லியில் எல்லோருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 20,000 என்று கணக்குப் போட்டிருக்கிறோம். என்னிடம் ஜூலையில் முதிரும் ஆர்டி 65,000 இருக்கிறது. மீதி 1.4 லட்சத்தை என் கிரெடிட் கார்டில் போட்டு 24 மாத இஎம்ஐயாக மாற்ற நினைக்கிறேன். முன்பு மூணாறு போனபோதும் 92,000 ரூபாயை அப்படித்தான் மாற்றினேன். இன்னும் நான்கு தவணை பாக்கி. அதில் மைத்துனர் பங்கு 38,000 இன்னும் வரவில்லை, கேட்கவும் சங்கடமாக இருக்கிறது. டெல்லியில் எத்தனை நாள் தங்கலாம்? லவுஞ்ச் வசதியோடு புது ட்ராவல் கார்டு தருவதாக வங்கியில் சொல்கிறார்கள், வாங்கலாமா?

பதில்: கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாள் கணக்கு கேட்டிருக்கிறீர்கள், சொல்கிறேன். ஆனால் உங்களைக் கடிக்கிற விஷயம் டெல்லி அல்ல. கடைசிக்கு முந்தின வரிகளில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த 38,000. அதில் இருக்கிறது விஷயம்.

கார்டு வட்டி அதிகம், கடன் வாங்கிச் சுற்றுலா போகக்கூடாது என்பதெல்லாம் ஸ்டோர்ஸில் கணக்கு எழுதுகிற உங்களுக்குத் தெரியாததில்லை. அதை விட்டுவிடுவோம். நீங்கள் வாங்கப்போகும் கடன் யாருக்கு என்று மட்டும் பாருங்கள்.

ஒரு நாளைக்கு 20,000 என்றீர்கள். பிரித்தால் மூன்று அறைக்கு 8,400, சாப்பாடு ஆளுக்கு 600 வீதம் 4,800, வேன் 5,500, நுழைவுச்சீட்டு, தண்ணீர் பாட்டில் என்று ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வரும். ஓர் அறையும் மூன்று பேர் சாப்பாடும் வேனில் அவர்கள் பங்கும் சேர்த்தால் மைத்துனர் குடும்பத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 7,500. உங்களுக்கும் மாமியாருக்கும் 12,500. எட்டு நாளுக்கு மைத்துனர் பங்கு 60,000, ரயிலுக்கு 15,000, மொத்தம் 75,000. நீங்கள் வாங்க நினைக்கும் கடன் 1.4 லட்சம். அதாவது பாதிக்கு மேல் உங்கள் கடனே இல்லை. அவர் வாங்க வேண்டிய கடனை உங்கள் பெயரில், உங்கள் வட்டியில் வாங்கி அவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள். மூணாறில் கொடுத்தது இன்னும் வரவில்லை.

அந்த வட்டியையும் பார்த்துவிடலாம். 16 சதவீதத்தில் 24 மாதம் என்றால் தவணை 6,850 சொச்சம். வட்டி மட்டும் 24,500. கார்டு இஎம்ஐ வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு, அது ஒரு 4,400. ஆக 29,000 ரூபாய், பிராசசிங் கட்டணம் தனி. உங்கள் வீட்டு ஐந்து பேருக்குப் போக வர ரயில் டிக்கெட்டே 25,000தான்.

இப்போது மைத்துனரின் "டிக்கெட் காசு தண்டம்" வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது, நிறைய குடும்பங்கள் இதை நம்பித்தான் நாளைக் கூட்டுகின்றன. எட்டுப் பேர் ரயிலுக்கு 40,000. நான்கு நாள் தங்கினால் நாளுக்கு 10,000 விழுகிறது, எட்டு நாள் தங்கினால் 5,000தான். நாளுக்கு ஐயாயிரம் மிச்சம் என்று தோன்றும். அந்த ஐயாயிரத்தை "மிச்சம் பிடிக்க" ஒவ்வொரு கூடுதல் நாளும் 20,000 எடுத்து வைக்க வேண்டும். நான்கு நாளில் முடிந்தால் மொத்தம் 1.2 லட்சம், எட்டு நாள் என்றால் 2 லட்சம். டிக்கெட் காசு இரண்டிலும் அதே 40,000தான். அது போட்ட அன்றே போய்விட்ட காசு, அதை வைத்து நாளை முடிவு செய்யக்கூடாது.

நீங்கள் கணக்கில் சேர்க்காதது ஒன்று இருக்கிறது, உங்கள் லீவு. சென்னையிலிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சுமார் 33 மணி நேரம். திங்கள் இரவு ஏறினால் புதன் காலை டெல்லி. நான்கு நாள் தங்கி சனி இரவு கிளம்பினால் திங்கள் காலை சென்னை. ஞாயிறு போக ஏழு நாள் லீவு போதும். எட்டு நாள் தங்கினால் பதினொரு நாள் ஆகும். உங்கள் கணக்கில் சம்பளத்தோடு எத்தனை லீவு மீதி என்று எழுதவில்லை. ஏழுதான் இருக்கிறது என்றால் மீதி நான்கு நாள் சம்பளப் பிடித்தம், அது ஒரு 7,700. அப்புறம் பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் டெல்லியில் இருப்பார்கள்.

சரி, நான்கு நாளில் டெல்லியைப் பார்க்க முடியுமா? முடியும், கிழமை சரியாக அமைந்தால். டெல்லியில் திங்கட்கிழமை பல இடங்களில் கதவு சாத்தியிருக்கும். செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், அக்ஷர்தாம், தாமரைக் கோயில், பிள்ளைகள் விரும்பும் ரயில் அருங்காட்சியகம் எல்லாம் திங்கள் விடுமுறை. மனைவிமார் போகத் துடிக்கும் சரோஜினி நகர் மார்க்கெட்டும் அன்று மூடல். ஆக்ராவில் தாஜ்மகால் வெள்ளிக்கிழமை கிடையாது. இது தெரியாமல் ஞாயிறு காலை இறங்கி, திங்களன்று அறையிலேயே டிவி பார்த்துக்கொண்டு 20,000 ரூபாய் செலவழிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. எட்டு நாள் தங்கினால் ஒரு திங்களையும் ஒரு வெள்ளியையும் தவிர்க்கவே முடியாது. புதன் முதல் சனி வரை என்றால் திங்கள் அடியோடு வராது. வெள்ளியன்று டெல்லிக்குள் இருந்தால் போதும்.

புதன் காலை இறங்கிக் குளித்து, மாமியார் கொஞ்சம் படுத்து எழுந்ததும் மாலையில் இந்தியா கேட், பக்கத்திலேயே தேசியப் போர் நினைவிடம். முதல் நாளுக்கு அதுவே அதிகம். வியாழன் ஆக்ரா. ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் காலை எட்டு மணியைத் தாண்டிக் கிளம்பி பத்து மணிக்குள் ஆக்ராவில் விட்டுவிடும், மாலையில் அதிலேயே திரும்பலாம். தாஜ்மகாலுக்கு நம்மவர்களுக்கு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போக மேலே 200, 15 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு இலவசம். வெள்ளி குதுப்மினாரும் ஹுமாயூன் கல்லறையும். மாலையில் ஆர்.கே.புரம் மலை மந்திரில் சுவாமிநாதரைத் தரிசித்தால் மாமியாருக்கும் மனநிறைவு. சனிக்கிழமை செங்கோட்டை, சாந்தினி சௌக், இரவு ரயில். நான்காவது ராத்திரி ரயிலில் என்பதால் ஓர் இரவு வாடகையும் குறைகிறது.

வேனை நான்கு நாளும் வைத்துக்கொள்ளாதீர்கள். வெள்ளிக்கிழமை ஒரு நாள் போதும். செங்கோட்டை வாசலுக்கே மெட்ரோ போகிறது. ஏர்போர்ட் பாதையைத் தவிர்த்து மெட்ரோவில் எவ்வளவு தூரம் போனாலும் ஆளுக்கு 64 ரூபாயைத் தாண்டாது. பழைய டெல்லி சந்துகளில் வேன் நுழையவும் முடியாது. எங்கோ தள்ளி நிறுத்திவிட்டு, பார்க்கிங் காசையும் வாங்கிக்கொண்டு டிரைவர் தூங்குவார்.

ஐந்தாவது நாளிலிருந்து என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வேண்டிய பெரிய இடங்கள் முடிந்திருக்கும். பிள்ளைகளுக்கு இன்னொரு கோட்டை என்றால் முகம் சுருங்கும். பெரியவர்கள் கரோல் பாகில் கடை கடையாக ஏறுவார்கள். நாளுக்கு 20,000 என்று நீங்கள் போட்ட கணக்கு முதல் நான்கு நாளுக்குப் பொருந்தும், பின் நான்கு நாளுக்குப் பொருந்தாது. சால்வை, செருப்பு, பெட்டி, அந்தப் பெட்டிக்குள் போட இன்னும் நான்கு சால்வை என்று அது தனியாக ஓடும்.

நான்கு நாளுக்கு உங்கள் பங்கு 50,000, ரயில் 25,000, மொத்தம் 75,000. வேனைக் குறைத்து, ஓர் இரவு வாடகையும் கழிந்தால் 65,000க்குப் பக்கத்திலேயே வந்துவிடும். ஆர்டியிலேயே முடிகிற பயணம் இது. மாமியார் செலவை இதில் சேர்த்தே சொல்கிறேன், அதைப் பங்கு பிரிக்கப் போகாதீர்கள். வயதானவரை ஒரு முறை தாஜ்மகாலைப் பார்க்க அழைத்துப் போவதில் கணக்குப் பார்த்தால் வீட்டில் நிம்மதி போய்விடும்.

மைத்துனருக்கு வருவோம். ஐஆர்சிடிசியில் ஒரு டிக்கெட்டில் ஆறு பேர்தான் போட முடியும். எட்டுப் பேருக்கு எப்படியும் இரண்டு டிக்கெட். உங்கள் ஐந்து பேருக்கு நீங்கள் போடுங்கள், அவர் மூன்று பேருக்கு அவர் போடட்டும். "நீங்க போட்டுடுங்க மாமா, அப்புறம் செட்டில் பண்ணிக்கலாம்" என்று சொல்வார், மூணாறுக்கும் அப்படித்தான் சொல்லியிருப்பார். "உங்க டிக்கெட்டுக்கும் ரூமுக்கும் நீங்களே போட்டுடுங்க, சாப்பாட்டையும் வண்டியையும் அங்க அன்னன்னைக்குப் பிரிச்சுக்கலாம்" என்று ஒரே வரியில் முடியுங்கள். கார்டு லிமிட் இல்லை, பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்றெல்லாம் சாக்கு சொல்ல வேண்டாம், அவர் வேறு வழி கண்டுபிடிப்பார்.

இதை நீங்கள் நேரடியாகப் போய்ச் சொல்வதற்கு முன்னால் உங்கள் மனைவியிடம் எட்டு நாளுக்கு மைத்துனர் பங்கு 75,000 என்ற அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். பெரும்பாலான வீடுகளில் "தம்பி பங்கு" எவ்வளவு என்று அக்காவுக்குத் தொகையாகத் தெரியாது, எல்லாம் மொத்தமாக "டூர் செலவு" என்றுதான் தெரியும். தெரிந்த பிறகு தம்பியிடம் பேச உங்களைவிட அவர்தான் பொருத்தமானவர். எட்டு நாள் இருந்தே தீருவேன் என்றால் மைத்துனர் குடும்பம் தாராளமாக இருக்கட்டும். ஜெய்ப்பூர் போகட்டும், மதுரா போகட்டும். திரும்பும் டிக்கெட் அவர்களுடையது தனி என்பதால் உங்களுக்கு அதில் ஒன்றும் இல்லை. தன் காசு என்றதும் எட்டு நாள் ஐந்தாகக் குறையும் என்பது என் கணிப்பு.

மூணாறு 38,000 ரூபாயை இந்தப் பயணத்தோடு கலக்காதீர்கள். "டெல்லியில் உங்க பங்கில் கழிச்சுக்கலாம்" என்று அவர் சொன்னால், அவர் செலவை மறுபடி நீங்கள் போடுவதாகத்தான் அர்த்தம். ஒரேயடியாகக் கேட்கச் சங்கடம் என்றால் மாதம் 4,000 வீதம் தரச் சொல்லுங்கள். ஏறக்குறைய உங்கள் பழைய தவணை அளவுதான் அது. அதுவும் வராது என்று மனதுக்குப் பட்டால், வராக் கடனாக எழுதிவிட்டதாக நினைத்து விட்டுவிடுங்கள். ஆனால் 38,000 ஒரு லட்சத்துச் சொச்சமாக வளர விடாதீர்கள்.

ட்ராவல் கார்டு விஷயம். ரயிலில் போகிற எட்டுப் பேருக்கு விமான நிலைய லவுஞ்ச் எதற்கு என்று அந்த வங்கி அலுவலரிடம் கேட்டீர்களா? புள்ளிகள் தருவார்கள். 1.4 லட்சம் தேய்த்தால் தாராளமாகப் பார்த்தாலும் இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய் மதிப்புக்கு வரும். வட்டி 29,000. அடுத்து "நோ காஸ்ட் இஎம்ஐ" என்று வருவார்கள். வட்டியில்லாத கடன் என்ற ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டுவிட்டது. வட்டி விலைக்குள் ஒளிந்திருக்கும், அல்லது ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி போயிருக்கும். வாங்க வேண்டாம். இருக்கிற கார்டில் அந்த நான்கு தவணையை முடியுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. விடுமுறை நேரம் என்பதால் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் மூன்றாம் ஏசி சீக்கிரம் வெயிட்டிங் லிஸ்டுக்குப் போய்விடும். உங்கள் ஆர்டி முதிரும் ஜூலை கடைசியிலேயே தேதி திறந்துவிடும். திரும்பும் டிக்கெட்டுக்கான தேதி ஐந்து நாள் தள்ளித் திறக்கும், அதை மறக்காமல் அன்றைக்கே போட்டுவிடுங்கள். திரும்பும் தேதியைத் திறந்த வாக்கில் விட்டால் மைத்துனர் மறுபடியும் எட்டு நாள் பேச்சை எடுப்பார்.