தென்னந்தோப்புக்கு கார்பன் பணம் வருமா?

கேள்வி: பொள்ளாச்சி பக்கம் 4 ஏக்கரில் 20 வருடத் தென்னை இருக்கிறது. கார்பன் கிரெடிட்டில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் வரும், 15,000 ரூபாய் பதிவுக் கட்டணம் கட்டி 30 வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுங்கள் என்கிறார் ஒரு முகவர். போடலாமா?

பதில்: போடாதீர்கள். பணமும் கட்டாதீர்கள்.

ஒரு கிரெடிட் என்றால், மரம் காற்றிலிருந்து உறிஞ்சியதாகச் சான்று பெற்று விற்கப்படும் ஒரு டன் கரியமில வாயு. புதிதாக மரம் வைத்து, அது கூடுதலாக உறிஞ்சும் வாயுவுக்குத்தான் காசு. ஏற்கெனவே நிற்கும் உங்கள் தென்னைக்கு எதுவும் வராது.

புது மரத்துக்கே கணக்கு இவ்வளவுதான்: ஏக்கருக்கு ஆண்டுக்கு 3 டன், டன்னுக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் 1,500 ரூபாய். அதிலும் அளவீடு, தணிக்கை, திட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் பங்கு போக மிச்சம்தான் உங்களுக்கு. 40,000 எங்கிருந்து வரும்?

விதிவிலக்கு ஒன்று உண்டு. வரப்பிலோ காலி இடத்திலோ இனிமேல் வைக்கும் மலைவேம்பு, தேக்கு போன்றவை கணக்கில் வரலாம். ஆனால் நடுவதற்கு முன்பே திட்டத்தில் சேர்ந்துவிடுவதுதான் பாதுகாப்பு. நடும் முன் நிலம் எப்படி இருந்தது என்பதற்குத் தேதியும் இடமும் பதிவான படங்கள் வேண்டும். இதற்காகத் தென்னையை வெட்டிவிட்டு நட்டால், வெட்டிய மரத்தில் இருந்த கார்பனைக் கழித்துவிடுவார்கள். இயற்கைக் காடாகவோ புல்வெளியாகவோ இருந்த நிலத்தைத் திட்டம் தொடங்குவதற்கு முந்தைய 10 வருடத்துக்குள் அழித்திருந்தால், கிரெடிட்டுக்குச் சான்று தரும் வெர்ரா அமைப்பின் விதிப்படி அந்த நிலமே தகுதி இழக்கும்.

முகவரிடம் திட்ட எண்ணைக் கேளுங்கள். வெர்ரா, அதேபோல் சான்று தரும் கோல்டு ஸ்டாண்டர்டு இரண்டின் பதிவேடுகளையும் இணையத்தில் யாரும் பார்க்கலாம். அதில் 'பரிசீலனையில்' என்று இருந்தால் அது அனுமதி ஆகாது. எண் சொல்லத் தயங்குபவரிடம் பேச்சே வேண்டாம். ஒழுங்கான நிறுவனம் தன் பங்கை விற்பனையில்தான் கழித்துக்கொள்ளும். விவசாயியிடம் முன்பணம் வாங்காது. வெற்று முத்திரைத்தாளிலோ பொது அதிகாரப் பத்திரத்திலோ கையெழுத்து கேட்டால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

விவசாயிகளுக்கான கார்பன் சந்தை வழிமுறையை ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்டது. ஆனாலும் 4 ஏக்கர்காரர் நேரில் போய்ச் சந்தேகம் கேட்க ஓர் இடம் இல்லை. அந்த இடத்தைத்தான் முகவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இது எனக்கு உண்மையிலேயே கோபம் தரும் விஷயம்.

மரம் வைக்கும் ஆசை இருந்தால் உழவன் செயலியில் பதிவு செய்து, வேளாண் துறை மூலம் இலவசக் கன்று கிடைக்குமா என்று கேளுங்கள். முகவர் ஏற்கெனவே சிட்டா, ஆதார் நகல்களை வாங்கிப் போயிருந்தால், உடனே ஒரு வில்லங்கச் சான்று எடுத்து உங்கள் சர்வே எண்ணில் ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள்.