பழைய டெஸ்க்டாப்புக்கு ரேம்: விலையைப் பார்க்கும் முன் ஸ்டிக்கரைப் பாருங்கள்

கேள்வி: 2012இல் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப். கோர் ஐ3-2100, எச்61 மதர்போர்டு, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. பிரௌசரில் நாலைந்து டேப் திறந்தாலே திணறுகிறது. 'இதுக்கெல்லாம் இப்போ ரேம் வராது, புது சிஸ்டம் வாங்கிடுங்க' என்கிறார் கடைக்காரர். ஆன்லைனில் 8 ஜிபி ரேம் ரொம்ப மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். முதலில் கன்ட்ரோல்+ஷிப்ட்+எஸ்கேப் அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்பார்மன்ஸ் பகுதியில் மெமரியைப் பாருங்கள். வேலை செய்யும்போது 85, 90 சதவீதம் நிரம்பியிருந்தால் ரேம் போதவில்லை என்று அர்த்தம். மெமரி பாதி காலியாக இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அப்படியானால் ரேமை விட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான எஸ்எஸ்டி வாங்குங்கள். விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்பதையும் செட்டிங்ஸில் பார்த்துக்கொள்ளுங்கள். 32 பிட் என்றால் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் வீண்.

சரி, ரேம்தான் பிரச்சினை என்று வைத்துக்கொள்வோம். உங்கள் போர்டுக்கு வேண்டியது டிடிஆர்3 வகை ரேம். எச்61இல் ஸ்லாட் இரண்டுதான். மொத்தம் 16 ஜிபி வரை ஏற்கும். உங்கள் ஐ3 1333 வேகத்துக்கு மேல் போகாது. 1600 ரேம் போட்டாலும் 1333இல்தான் ஓடும். அதனால் கெடுதல் இல்லை, ஆனால் வேகத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

அந்த மலிவான 8 ஜிபியில்தான் வில்லங்கம். படத்தை நன்றாகப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் எட்டு சிப்கள், மறுபக்கம் வெறுமை என்றால் வேண்டாம். அதில் இருப்பவை 8 ஜிகாபிட் சிப்கள், அதாவது ஒவ்வொன்றும் 1 ஜிபி. உங்கள் தலைமுறை இன்டெல் பிராசசருக்கு அவற்றைப் படிக்கத் தெரியாது. இரு பக்கமும் எட்டெட்டாகப் பதினாறு சிப்கள் இருக்க வேண்டும். ஸ்டிக்கரில் '2ஆர்x8' என்று போட்டிருக்கும். இதைக் கவனிக்காமல் ஒற்றைப் பக்க ரேம் ஒன்றை வாங்கிப் போட்டு, திரையே வராமல் அரை நாள் பவர் சப்ளையைச் சந்தேகித்துக்கொண்டிருந்தவன் நான். 'ஏஎம்டி மட்டும்' என்று விற்கப்படும் ரேமும் உங்களுக்கு ஆகாது.

ஸ்டிக்கரில் இன்னொன்று: 'பிசி3-10600' அல்லது 'பிசி3-12800' என்ற எண்ணை ஒட்டி வரும் எழுத்து. 'யு' என்றால் டெஸ்க்டாப். 'எஸ்' லேப்டாப், ஸ்லாட்டிலேயே உட்காராது. 'ஆர்' சர்வர் ரேம். ஸ்லாட்டில் உட்காரும், ஆனால் கம்ப்யூட்டர் கிளம்பாது. சர்வர் ரேம் மலிவாகக் கிடைப்பதன் ரகசியமே அதுதான்.

என் ஆலோசனை, 8 ஜிபி ஸ்டிக்கே வேண்டாம். இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி மட்டும் வாங்குங்கள். மொத்தம் 8 ஜிபி ஆகிவிடும். சம அளவில் இரண்டு இருப்பதால் டூயல் சேனலும் கிடைக்கும், அதாவது இரண்டு ரேமையும் பிராசசர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் அந்த வித்தியாசம் தெரியும். ஒருவேளை இப்போதே 2+2 என்று இருந்தால், இரண்டையும் கழற்றிவிட்டு 4+4 போடுங்கள்.

இதைப் புதிதாக வாங்கத் தேவையே இல்லை. அலுவலகங்கள் கழித்துக்கட்டும் கம்ப்யூட்டர்களில் இருந்து கழற்றிய டிடிஆர்3 ரேம், சென்னை ரிச்சி தெரு மாதிரி இடங்களில் செகண்ட் ஹேண்டில் புழங்குகிறது. உங்கள் ஊர் சர்வீஸ் கடையின் டப்பாவிலும் நாலைந்து கிடக்கும். ரேம் சாதாரணமாகத் தேய்ந்துபோகிற பொருள் அல்ல. சாம்சங், ஹைனிக்ஸ், மைக்ரான் சிப் உள்ள பழசை, பெயர் தெரியாத புதுசைவிட நான் நம்புவேன். பழைய ரேமைக் கையோடு கொண்டுபோங்கள், மாற்றித் தருவார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

பெரிய தொகை மட்டும் போடாதீர்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்துவிட்டது. உங்கள் பிராசசர் விண்டோஸ் 11க்கான பட்டியலிலும் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச லினக்ஸ் மின்ட் 8 ஜிபியில் தாராளமாக ஓடும், அதையும் யோசியுங்கள்.

மாட்டும்போது பவர் கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். ரேமின் தங்க நிறப் பற்களை பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளைத் துடைத்துவிட்டு, ஓரத்துக் கிளிப் 'டக்' என்று விழும்வரை அழுத்துங்கள். அப்புறம் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென்டிரைவில் ஏற்றி ஒரு ராத்திரி ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை காட்டினாலும், காலையில் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோய்விடுங்கள்.