குதிரையிடம் உதை வாங்கியவர் குதிரைப்படை ஜெனரலான கதை: கேள்வி பதில்

சென்ற முறை, வட மாநிலங்களும் தென் மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றி எழுதியபோது, இசை ஆசிரியராக இருந்து வடதரப்பின் குதிரைப்படைத் தளபதியான பெஞ்சமின் கிரியர்சன் பெயரைப் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

இசை ஆசிரியர் என்றீர்கள். போர்ப் பயிற்சி பெறாதவரா கர்னலானார்?

ஆமாம். இல்லினாய் மாநிலம் ஜாக்சன்வில்லில் இசை கற்றுக்கொடுத்தார், வாத்தியக் குழு நடத்தினார். பிறகு கடை வைத்து நொடித்துப்போய்க் கடனில் மூழ்கினார். எட்டு வயதில் குதிரை முகத்தில் உதைத்ததால் பார்வையே பறிபோயிருக்கும்; தழும்பு கடைசிவரை இருந்தது. 1861இல் போர் மூண்டதும் சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்தார். காலாட்படை போதும் என்றவருக்குக் கிடைத்தது 6ஆம் இல்லினாய் குதிரைப்படையில் மேஜர் பதவி. மறு ஆண்டே கர்னல்.

அவருடைய புகழ்பெற்ற படையெடுப்பு எதற்காக நடந்தது ஐயா? கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

1863 வசந்தத்தில் வடதரப்பு ஜெனரல் கிராண்ட் மிசிசிப்பி ஆற்றைக் கடந்து தென்தரப்பின் விக்ஸ்பர்க் கோட்டையைப் பிடிக்கத் திட்டமிட்டார். அவர் கடக்கும் நேரத்தில் எதிரியின் கண் வேறு பக்கம் இருக்க வேண்டும். அந்தக் கண்கட்டு வித்தைக்குத்தான் கிரியர்சன். ஏப்ரல் 17 அன்று டென்னசியின் லா கிரேஞ்சிலிருந்து 1,700 குதிரைவீரர்களுடன் தெற்கே கிளம்பினார்.

இதில் வீரத்தைவிடத் தந்திரமே அதிகம் என்பது என் கருத்து. மூன்று நாள் கழித்து, நோயாளிகளும் களைத்தவர்களுமாக 175 பேரைத் திருப்பி அனுப்பினார். அவர்களுக்குக் காய்ச்சல் மருந்தின் பெயரில் 'கொய்னா படை' என்று பட்டப்பெயர். மொத்தப் படையும் திரும்பிவிட்டதாக எதிரி எண்ண வேண்டும் என்பதற்காக, வந்த தடத்தின் மேலேயே அவர்களை நடக்கவிட்டார். மறுநாள் அயோவா படைப்பிரிவு முழுவதையும் பிரித்துக் கிழக்கே அனுப்பினார். அவர்கள் ஒரே பீரங்கியைச் சாலையில் நான்கு இடங்களில் திருப்பிச் சக்கரத் தடம் பதித்தார்கள். பார்ப்பவர்களுக்கு நான்கு பீரங்கி! துரத்தி வந்த எதிரிப்படை அந்தத் தடத்தின் பின்னால் போனது.

ஏப்ரல் 24இல் விக்ஸ்பர்க்குக்குக் கிழக்கே சுமார் 100 மைலில் இருந்த நியூட்டன் நிலையத்தில் இரண்டு ரயில்களைப் பிடித்துக் கொளுத்தி, தண்டவாளத்தைப் பெயர்த்து, தந்திக் கம்பிகளை அறுத்தார்கள். விக்ஸ்பர்க்குக்குச் சரக்கு போன ரயில்பாதை அது. தென்தரப்புத் தளபதி பெம்பர்டன் தம்மிடமிருந்த கொஞ்சநஞ்சக் குதிரைப்படையையும் இவரைத் தேடச் சிதறவிட்டார். ஏப்ரல் 30 அன்று கிராண்ட் பெரிய எதிர்ப்பின்றி ஆற்றைக் கடந்தார். மே 2ஆம் தேதி, 16 நாளில் 600 மைல் கடந்து, வடதரப்பின் கையிலிருந்த பேட்டன் ரூஜை அடைந்தார் கிரியர்சன். இறந்தவர்கள் மூன்றே பேர்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். கேப்டன் ஃபோர்ப்ஸ் சுமார் 35 பேருடன் தனியே போய் மாட்டிக்கொண்டார். எண்டர்பிரைஸ் என்ற ஊரில் எதிரிப்படை நிறைந்திருந்தது. மனிதர் அசரவில்லை. வெள்ளைக்கொடியுடன் போய், 'ஊரை ஒப்படையுங்கள்' என்று கேட்டார்! எதிரி யோசிக்க அவகாசம் கேட்ட இடைவெளியில் ஓட்டம் பிடித்தார்.

எதிரியின் உடையில் வேவு பார்த்தார்களாமே? பிடிபட்டால்?

தூக்குதான். அந்த வேவுக்காரர்களின் தலைவர் சார்ஜென்ட் சர்பி. மே 1 அன்று காயம்பட்ட அவரை விட்டுவிட்டுப் போக நேர்ந்தபோது, தோழர்கள் அவசர அவசரமாக வடதரப்புச் சீருடையை மாட்டிவிட்டார்கள். சிறைபிடிக்கப்பட்டார், உயிர் தப்பியது.

1863இல் பிரிகேடியர் ஜெனரல், 1866இல் வெறும் கர்னல். தண்டனையா?

இல்லை. பலரும் குழம்பும் இடம் இது. போர்க்காலத் தன்னார்வப் படை வேறு, நிரந்தர ராணுவம் வேறு. முதலாவதில் மேஜர் ஜெனரல் வரை உயர்ந்தார். போர் முடிந்து அது கலைந்ததும் அந்தப் பதவியும் போயிற்று. நிரந்தர ராணுவத்தில் கிடைத்தது புதிதாக உருவான 10ஆம் குதிரைப்படையின் கர்னல் பதவி.

அது கறுப்பின வீரர்களின் படைதானே?

அதேதான். அதிகாரிகள் மட்டும் வெள்ளையர்கள். கான்சாஸின் லெவன்வொர்த் கோட்டையில் படை உருவானபோது, கோட்டைத் தளபதி இவர்களுக்குச் சதுப்பு நிலத்தில் இடம் ஒதுக்கினார். வெள்ளை வீரர்களிடமிருந்து தள்ளி நில் என்ற கட்டளை வேறு. கிரியர்சன் ஓயாமல் மல்லுக்கட்டினார். 1877இல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் தேறிய முதல் கறுப்பினத்தவரான ஹென்றி ஃபிளிப்பர் இந்தப் படையில்தான் சேர்ந்தார். 1881இல் ஃபிளிப்பர் மீது ராணுவ நீதிமன்ற விசாரணை வந்தபோது அவருடைய நன்னடத்தைக்குச் சான்று எழுதிக் கொடுத்தார் கிரியர்சன். பலன் இல்லை. கையாடல் குற்றச்சாட்டு நிற்கவில்லை என்றாலும் பணிநீக்கம் செய்தார்கள். அதிபரின் மன்னிப்பு 1999இல்தான் வந்தது.

அபாச்சே பழங்குடித் தலைவர் விக்டோரியோவை அவரால் பிடிக்க முடியவில்லையே?

பிடிக்கவில்லைதான். ஆனால் 1880இல் டெக்சாஸின் மேற்குப் பகுதியில் கிரியர்சன் செய்ததை 1863ஐவிட மேலாக மதிக்கிறேன். பாலைவனத்தில் விக்டோரியோவைத் துரத்தினால் குதிரைகள்தான் சாகும் என்று புரிந்துகொண்டு, நீர்நிலைகளில் காவல் போட்டார். ஒரு சுனையில் தம் மகன் உட்பட இருபது சொச்சம் பேருடன், துணைப்படை வரும்வரை எதிர்த்து நின்றார். பிறகு 21 மணி நேரத்தில் 65 மைல் விரைந்து, ராட்டில்ஸ்னேக் ஊற்றுக்கு எதிரிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தார். தண்ணீர் கிடைக்காமல் விக்டோரியோ மெக்சிகோவுக்குத் திரும்பினார். அக்டோபரில் மெக்சிகோ படைகளிடம் மடிந்தார். தம் மண்ணிலிருந்து விரட்டப்பட்ட ஒரு மக்களின் தாகம் இது என்பதையும் மறக்க வேண்டாம்.

மறுபடி ஜெனரல் ஆனாரா?

1890 ஏப்ரலில். ஜூலையில் 64 வயது, ஓய்வு. மூன்றே மாதம்! வெஸ்ட் பாயிண்ட் முத்திரை இல்லாததும், பழங்குடியினரிடம் இளக்கமானவர் என்ற பெயரும் அவரைப் பின்னுக்குத் தள்ளின என்றே நினைக்கிறேன். 1911இல் காலமானார்.

இசையை விட்டுவிட்டாரா?

எங்கே விட்டார்! 1863 படையெடுப்பின் கடைசியில், பேட்டன் ரூஜுக்கு முன்னால் சில மைலில் வீரர்கள் அடித்துப் போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். இவர் பக்கத்துப் பண்ணை வீட்டுக்குள் போய்ப் பியானோ வாசித்துக்கொண்டிருந்தார். எதிரி வருகிறான் என்று ஒருவர் ஓடிவந்தார். வெளியே போய்ப் பார்த்தால், வந்தவர்கள் வடதரப்பு வீரர்கள். இவர் யார் என்று விசாரிக்க வந்திருந்தார்கள்.