குகைக்குள் மூச்சு முட்டுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 64 வயது. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பிபிக்கு அம்லோடிபின். மூட்டு வலியும் உண்டு. மலைப்பாதை என்றாலே வாந்தி, அவோமின் போட்டால்தான் அடங்கும். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருக்கும் தம்பி, அவரைக் காரில் வைட்டோமோ ஒளிப்புழுக் குகைக்கும் அங்கிருந்து ரோட்டோருவாவுக்கும் அழைத்துப்போகிறான். குகைக்குள் மூச்சு முட்டுமோ என்று பயமாக இருக்கிறது. போகலாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். குகைக் காற்றில் கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு இருக்கிறது என்று அங்கே தொடர்ந்து அளக்கிறார்கள். 2,400 பிபிஎம்மை (பத்து லட்சம் பங்கு காற்றில் 2,400 பங்கு) தாண்டினால் ஆட்களை உள்ளே விடுவதில்லை. அதுவும் சுண்ணாம்புப் பாறை அரித்துப் போகாமலிருக்க வைத்த வரம்பு. எட்டு மணி நேரம் வேலை செய்யும் இடத்துக்கே 5,000 பிபிஎம் வரை அனுமதி உண்டு. அம்மா உள்ளே இருக்கப்போவது முக்கால் மணி நேரம். ஆஸ்துமாவோ இதய நோயோ இல்லையென்றால் மூச்சுக்குப் பயமில்லை.

என் கவலையெல்லாம் அந்த அவோமின் மீதுதான். அதிலுள்ள ப்ரோமெத்தசின் தூக்கக் கலக்கத்தையும் தள்ளாட்டத்தையும் பல மணி நேரம் வைத்திருக்கும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் கூடுதலாக. காலையில் கிளம்பும்போது போட்டால், இருட்டில், ஈரப் படிகளில் இறங்கும் நேரத்தில் அதன் வேகம் குறைந்திருக்காது. அந்த வயதில் ஒரு தடவை விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

நல்லவேளையாக, போகும்போது மாத்திரை தேவைப்படாது. ஆக்லாந்திலிருந்து வைட்டோமோ சுமார் 200 கி.மீ., இரண்டரை மணி நேரம். பெரும்பகுதி நேரான நெடுஞ்சாலை. அம்மா முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்த்தபடி வரட்டும். செல்போன் வேண்டாம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிவிடுங்கள், ஒரு மணி நேரத்துக்கொரு முறை வண்டியை நிறுத்துங்கள். ரோட்டோருவா போகும் வழியில் மாமாக்கு மலைத்தொடர் வரும். மாத்திரை வேண்டுமானால் குகையை விட்டு வெளியே வந்த பிறகு, கிளம்ப ஒரு மணி நேரம் முன்னதாக, மெக்லிசின் 25 மி.கி. ஒன்று போதும். இதுவும் தூக்கம் தரும், ஆனால் குறைவாக. கண் அழுத்த நோய் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அவோமின், மெக்லிசின் இரண்டையும் தொடக்கூடாது. வாந்தி என்றதும் நம் வீடுகளில் ஒன்டான்செட்ரானைத் தேடுவார்கள். பயண வாந்திக்கு அது பெரிதாகக் கேட்காது.

அடுத்து சர்க்கரை. வாந்தி வருமென்று வெறும் வயிற்றோடு கிளம்பிவிட்டு, கிளிமிபிரைடை மட்டும் விழுங்குவது பலர் செய்வது. இது மிக ஆபத்து, சர்க்கரை ரொம்ப இறங்கிவிடும். இரண்டு இட்லியோ டோஸ்டோ சாப்பிட்டு, அதோடுதான் மாத்திரை. சாப்பிடவில்லையென்றால் அந்த வேளை கிளிமிபிரைடு வேண்டாம். மாத்திரை போட்ட பின் வாந்தி எடுத்தால் மணிக்கொரு முறை குளுக்கோமீட்டரில் பாருங்கள். உள்ளே நுழையும் முன்பும் ஒரு தடவை பார்ப்பது நல்லது, ஏனென்றால் இருட்டில் வியர்வையும் நடுக்கமும் பக்கத்திலிருப்பவருக்குத் தெரியாது. 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். குளுக்கோஸ் பொட்டலம் அம்மாவின் கோட்டுப் பையிலேயே இருக்கட்டும்.

படிகளில் இறங்கும்போது வலிக்கிற கால் முதலில், ஏறும்போது நல்ல கால் முதலில். ஒரு கை கைப்பிடியை விடக்கூடாது. வெளிச்சத்திலிருந்து உள்ளே போனதும் கண் பழகச் சில நிமிடம் நின்று நடக்கச் சொல்லுங்கள். படி இறங்கவே முடியாது என்றால், பக்கத்திலேயே ருவாக்குரி குகை இருக்கிறது. அதில் சுழன்று இறங்கும் சரிவுப் பாதை, சக்கர நாற்காலியும் போகும். முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஆனால் அங்கே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

ஒளிப்புழுக் குகைக்குள் படகிலும் போக வேண்டும். அது மிக மெதுவாகப் போகும், மேலே கட்டிய கயிற்றைப் பிடித்து வழிகாட்டியே இழுப்பார். அதில் வாந்தி வருவது அரிது. தலைசுற்றல் வருவது வேறு காரணத்தால்: கூரையில் மின்னும் ஒளிப்புழுக்களைப் பார்க்கக் கழுத்தை வெகுநேரம் பின்னால் மடக்குகிறோம். முதுகைச் சாய்த்துக்கொண்டு, விட்டு விட்டுப் பார்க்கட்டும். கூரையில் தொங்கும் பசை நூல்களால் ஒரு கெடுதலும் இல்லை. ஒளிப்புழு, அதாவது கொசு போன்ற ஒரு பூச்சியின் புழு, சிறு பூச்சிகளைப் பிடிக்க விடும் தூண்டில் அது.

மூட்டு வலிக்கு பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை வேண்டாம், அது பிபியை ஏற்றும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

எல்லா மாத்திரைகளையும் அதன் அட்டையோடும் மருந்துச் சீட்டோடும் கைப்பையில் வைத்து அனுப்புங்கள். நியூசிலாந்தில் விபத்துக் காயத்துக்குச் சுற்றுலாப் பயணிக்கும் அரசு உதவி கிடைக்கும். சர்க்கரை, பிபி போன்ற நோய்ச் சிகிச்சைக்குக் கிடைக்காது. ஏற்கெனவே இருக்கும் நோய்களைச் சொல்லி எடுத்த பயணக் காப்பீடு கட்டாயம் வேண்டும். அவசரத்துக்கு எண் 111.