எம்.டெக்கா, எம்.எஸ்ஸா, எம்.பி.ஏவா?

மென்பொருள் வேலைக்கு ஆளெடுக்கும் நேர்காணல்களில் உட்காருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். அட்மிஷன் ஏஜென்ட்டுகள் வேறு மாதிரி சொல்வார்கள்.

கேள்வி: நாலு வருஷமாக டெஸ்டிங்கில் இருக்கிறேன் அண்ணா. டெவலப்மென்ட் பக்கம் மாற எம்.டெக் உதவுமா? வேலையை விட முடியாது.

பதில்: மாறுவதற்கு மட்டும் என்றால் வேண்டாம் தம்பி. பட்டத்தை நான் பார்ப்பது அரை நிமிஷம். மிச்ச நேரமெல்லாம், "ஒரே பேமென்ட் ரிக்வெஸ்ட் இரண்டு தடவை வந்தால் பணம் இரண்டு தடவை போகுமா, எப்படித் தடுப்பாய்?" மாதிரிக் கேள்விகள்தான். தினமும் கோட் எழுதினால் இதற்குப் பதில் வரும். வீட்டில் பட்டம் கேட்கிறார்கள் என்றால், பிட்ஸ் பிலானியின் வேலையோடு படிக்கும் எம்.டெக் இருக்கிறது. நாலு செமஸ்டர், கடைசி செமஸ்டர் ப்ராஜெக்ட்டை ஆபீஸிலேயே செய்யலாம். அதைச் சாக்கு வைத்து மேனேஜரிடம் ஒரு டெவலப்மென்ட் வேலையைக் கேட்டு வாங்கிவிடு. பட்டத்தைவிட அதுதான் லாபம்.

கேள்வி: எம்.டெக் நுழைவுத் தேர்வான கேட் (GATE) எழுதி ஸ்கோர் வைத்திருக்கிறேன். சென்னை ஐஐடியில் எம்.டெக், எம்.எஸ். இரண்டும் இருக்கிறதே, எது?

பதில்: எம்.டெக்கில் பாடம் அதிகம், இரண்டு வருஷத்தில் வெளியே வந்துவிடலாம். எம்.எஸ். ஆராய்ச்சிப் படிப்பு. பாடம் குறைவு, ஆய்வேடுதான் எல்லாம். எப்போது முடியும் என்பது பாதி உங்கள் கையில், பாதி கைடு கையில். பிஎச்.டி. எண்ணமோ ஆராய்ச்சிப் பிரிவில் வேலை பார்க்கும் ஆசையோ இருந்தால் மட்டும் எம்.எஸ். கேட் ஸ்கோர் மூன்று வருஷம் செல்லும், பதற வேண்டாம்.

கேள்வி: வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க அப்பா சம்மதித்துவிட்டார். போகலாமா சார்?

பதில்: கணக்கைப் போடுங்கள். 50 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, 10 வருஷம் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 69,000 ரூபாய். டாலர் சம்பளத்தில் அது பெரிதில்லை. திரும்பி வந்து இங்குள்ள சம்பளத்தில் கட்ட நேர்ந்தால்?

படிப்பு முடிந்ததும், மாணவர் விசாவிலேயே வேலை பார்க்க அனுமதிக்கும் ஓபிடியில் (OPT) 12 மாதம், கம்ப்யூட்டர் போன்ற துறைகளுக்குக் கூடுதலாக 24 மாதம் வேலை பார்க்கலாம். ஆனால் முதல் 12 மாதத்தில் மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. அப்புறம் எச்1பி என்ற வேலை விசா: வருஷத்துக்கு 65,000, அமெரிக்க முதுகலைப் பட்டக்காரர்களுக்கு இன்னும் 20,000. விண்ணப்பிப்பவர்கள் அதைவிட மிக அதிகம் என்பதால் குலுக்கல் போட்டுத்தான் எடுப்பார்கள். எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அந்தக் குலுக்கல் உங்கள் கையில் இல்லை.

படிப்புதான் வேண்டும் என்றால் ஜார்ஜியா டெக் 2014இல் தொடங்கிய ஆன்லைன் எம்.எஸ். இருக்கிறது. பத்துப் பாடம், மொத்தச் செலவு சுமார் 7,000 டாலர், வேலையை விட வேண்டியதில்லை. ஸ்டூடண்ட் விசா மட்டும் கிடைக்காது. அமெரிக்கா போவதுதான் ஆசை என்றால் இது உதவாது. அதை அப்பாவிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டுப் பத்திரத்தைத் தொடுங்கள்.

கேள்வி: ஆறு வருஷ அனுபவம், டீம் லீட். எம்.பி.ஏ. செய்தால் மேனேஜர் ஆகலாமா?

பதில்: இருக்கும் கம்பெனியில் மேனேஜராக எம்.பி.ஏ. தேவையில்லை. ப்ராடக்ட் மேனேஜ்மென்ட், கன்சல்டிங் என்று தாவத்தான் அது. அங்கே நீங்கள் ஃபீஸ் கட்டுவது பாடத்துக்கு இல்லை, கேம்பஸுக்கு வரும் கம்பெனிகளுக்கு. நல்ல கம்பெனிகள் வராத கல்லூரியில் வார இறுதி எம்.பி.ஏ. படித்து வந்தவர்களின் ரெஸ்யூமேயில் அந்த வரியைத் தாண்டி நேராக அனுபவத்துக்குத்தான் போகிறேன்.

கேள்வி: பி.எஸ்ஸி. முடித்தவளுக்கு எம்.சி.ஏ. (கம்ப்யூட்டர் முதுகலை) பிரயோஜனமா அண்ணா?

பதில்: கண்டிப்பாக. "பி.இ. அல்லது எம்.சி.ஏ." என்று கேட்கும் வேலைகள் நிறைய இருக்கின்றன, உங்களுக்குக் கதவு அதுதான். இப்போது இரண்டே வருஷப் படிப்பு. அதில் சேர டான்செட் நுழைவுத் தேர்வு எழுதுங்கள்.

கேள்வி: கொஞ்ச நாள் கழித்து இன்ஜினியரிங் கல்லூரியில் பாடம் எடுக்க ஆசை.

பதில்: அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம், எம்.இ. அல்லது எம்.டெக் கட்டாயம், இளங்கலை, முதுகலை இரண்டில் ஒன்றிலாவது முதல் வகுப்பும் வேண்டும். எம்.இ., எம்.டெக் சேர்க்கைக்கு அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா (CEETA) தேர்வு அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருங்கள்.